எய்யாமல் விட்ட இரண்டாம் அம்பு

அன்றிரவு என்னை இரண்டு பேர் பாராட்டினார்கள். வயிற்றில் அம்பு பட்ட கலைமான் ஒன்று 38 கெஜம் தொலைவில் முதுகைக் கூனிக்கொண்டு நின்றபோது, இரண்டாவது அம்பைப் பூட்டி நாணை முழுதாக இழுத்த பிறகும் எய்யாமல் மெல்லத் தளர்த்தி இறக்கியதற்காகக் கிடைத்த பாராட்டு அது. நிலத்துக்குச் சொந்தக்காரரான முதியவர், பதற்றத்தில் கண்டபடி எய்துவிடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் வில்லாளிக்கு அழகு என்றார். எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அலுவலக நண்பர் தொலைபேசியில் அதையே வேறு சொற்களில் சொன்னார். நான் மறுக்கவில்லை, உண்மையைச் சொன்னால், அந்தப் பாராட்டு அன்றைக்கு எனக்குத் தேவையாக இருந்தது. மூன்று வேட்டைப் பருவங்கள் கடந்துவிட்டன. முதல் அம்பு தவறியதை ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டேன், கையில் வில் எடுத்தவனுக்கு அது என்றாவது நடக்கும். அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டதுதான் இன்னும் செரிக்கவில்லை.

அமெரிக்காவின் ஒஹாயோவில் குடியேறிய ஒரு தமிழன் ஏன் வில்லோடு காட்டுக்குப் போகிறான் என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. முதல் மானை வீழ்த்திய செய்தியைச் சொன்னபோது அம்மா, “அந்த வாயில்லா ஜீவன் உனக்கு என்னடா பண்ணுச்சு?” என்று கேட்டதோடு தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்; அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை முழுமையான பதில் இல்லை. கொல்லலாமா கூடாதா என்பது பெரிய கேள்வி. நான் இங்கே எழுத முனைவது அதைவிடச் சிறிய, ஆனால் அதைவிட அவசரமான ஒன்றைப் பற்றி. கொல்வதென்று முடிவெடுத்து அம்பையும் விட்டாகிவிட்டது. அம்பு சரியான இடத்தில் படவில்லை. விலங்கு இன்னும் கண்முன்னே நிற்கிறது. அந்த அரை நிமிடத்தில் எது சரி?

துப்பாக்கி வேட்டையில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. துப்பாக்கிக் குண்டு தசையையும் எலும்பையும் சிதைத்து, பல வேளைகளில் நின்ற இடத்திலேயே விலங்கைச் சாய்த்துவிடும். சாயவில்லையென்றால் அடுத்த குண்டைச் செலுத்துவதில் யாருக்கும் கூச்சமில்லை. அம்பு வேலை செய்யும் விதம் வேறு. அதன் முனையில் இருக்கும் சவரக்கத்தி போன்ற அலகுகள் வெட்டுகின்றன, ரத்தம் வெளியேறுகிறது, ரத்தம் இழந்து விலங்கு சாகிறது. ஒஹாயோவின் விதிப்படி அம்பு முனையில் குறைந்தது இரண்டு வெட்டும் விளிம்புகளும் முக்கால் அங்குல அகலமும் இருக்க வேண்டும், வில்லின் இழுவிசை 40 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பதெல்லாம் இதற்காகத்தான். இரண்டு நுரையீரல்களையும் துளைத்துச் சென்ற அம்பு பட்ட மான் நூறு கெஜம் ஓடி, சில விநாடிகளில் விழுந்துவிடும். என்ன நடந்தது என்று அதற்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஒரு சாணுக்கும் சற்று அதிகமாகப் பின்னால் பட்டால் நுரையீரலுக்குப் பதில் இரைப்பையும் குடலும் கிழிகின்றன. அப்போது சாவு நிச்சயம், ஆனால் அது வந்து சேர அரை நாள் ஆகும்.

கால் விநாடி

2021 நவம்பரின் இரண்டாவது சனிக்கிழமை. தென்கிழக்கு ஒஹாயோவின் குன்றுப் பகுதியில், ஓக் மரங்களும் ஹிக்கரி மரங்களும் இலையுதிர்த்து நின்ற ஒரு சரிவில், 18 அடி உயரத்தில் மரப்பரணில் அமர்ந்திருந்தேன். கலைமான்கள் பெண் மான்களான பிணைகளைத் தேடி நிலைகொள்ளாமல் அலையும் காலம் அது. மாலை 4.50 இருக்கும், 5.17-க்குச் சூரியன் மறையும், அதற்குப் பின் அரை மணி நேரம் வரைதான் எய்யச் சட்டம் இடம் தருகிறது. சருகு ஒலித்தது. எட்டுக் கிளைக் கொம்புள்ள கலை ஒன்று, மூக்கைத் தரையில் வைத்து ஒரு பிணையின் வாடையைப் பிடித்தபடி, வேகநடையாக என் முன்னால் வந்தது. 24 கெஜம். அதை நிறுத்துவதற்காக மான் குரலில் ‘மே’ என்று ஒலியெழுப்பினேன். நின்றது, நின்ற கணமே தலையைத் தூக்கி என் மரத்தைப் பார்த்தது.

அங்கேயே நான் எய்யும் எண்ணத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். எச்சரிக்கையடைந்த மானின் உடலில் எல்லாத் தசைகளும் சுருள்வில் போல முறுக்கிக்கொண்டு இருக்கும். என் வில்லிலிருந்து அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 270 அடி வேகத்தில் போகிறது. 24 கெஜத்தைக் கடக்க அதற்குக் கால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். நாணின் ஒலியோ விநாடிக்கு 1,100 அடி வேகத்தில் அதைவிட வெகு முன்னதாக மானின் காதை எட்டிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஐந்தில் ஒரு பங்கு விநாடியில் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தித் திரும்பிவிட முடியும். அன்று அதுதான் நடந்தது. அம்பின் வாலில் இருந்த பச்சை விளக்கு காற்றில் ஒரு கோடு இழுத்து, நான் குறிவைத்த இடத்துக்கு நன்றாகப் பின்னால் மறைந்தது. உள்ளே ஈரமான சாக்கை அடித்தது போல ஒரு மொத்தொலி. விலா எலும்பில் பட்டால் வரும் ‘டக்’ என்ற சத்தம் இல்லை. பார்ப்பதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டது.

மான் நாலு கால் பாய்ச்சலில் ஓடவில்லை. பத்துப் பதினைந்து கெஜம் துள்ளிப் போய், வேகம் தணிந்து, வாலைத் தொடைகளுக்கு இடையில் ஒடுக்கிக்கொண்டு, கடும் வயிற்றுவலி கண்ட மனிதன் நிற்பதைப் போல முதுகை வளைத்து நின்றது. வயிற்றில் அம்பு பட்ட மானின் அடையாளம் என்று வேட்டைக் கல்வி வகுப்பில் காட்டிய படம் அப்படியே கண்முன் இருந்தது. 38 கெஜம் என்று தொலைவு அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் காட்டியது. நான் பழகும் தொலைவு 50 கெஜம். நடுவில் கிளை எதுவும் இல்லை. அதன் பின்புறம் முக்கால்வாசி என் பக்கம் திரும்பியிருந்தது, தலை தாழ்ந்திருந்தது. கடைசி விலாவுக்குப் பின்னால் நுழைந்தால் அம்பு சாய்வாக முன்னேறி ஈரலையும் நுரையீரலையும் எட்டக்கூடிய ஒரு குறுகிய வழி இருந்தது. இரண்டாவது அம்பைப் பூட்டினேன். இழுத்தேன். வில்லின் குறிகாட்டியில் இருந்த பச்சை முள் மானின் தொடைக்கும் விலாவுக்கும் இடையில் ஆடியது.

அப்போது எனக்குள் ஓர் ஆசிரியர் குரல் பேசியது. பக்கவாட்டில் நின்றால் மட்டும் எய். 30 கெஜத்துக்கு மேல் எய்யாதே. பின்புறம் காட்டி நிற்கும் மானை ஒருபோதும் எய்யாதே. ஐந்து ஆண்டுகளாக நான் பெருமையோடு காத்துவந்த விதிகள் அவை. அவற்றுக்குக் கட்டுப்பட்டு எத்தனையோ நல்ல மான்களைப் போகவிட்டிருக்கிறேன். நாணைத் தளர்த்தினேன். மான் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அரை நிமிடம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். பிறகு, யாரும் துரத்தாத ஒரு முதியவரைப் போல, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து மல்டிஃபுளோரா ரோஜாவின் முட்புதருக்குள் நுழைந்து மறைந்தது.

இரவு

மறைந்த பிறகு செய்ய வேண்டியதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, நானும் அதைச் சரியாகவே செய்தேன். சத்தமில்லாமல் இறங்கி அம்பைத் தேடி எடுத்தேன். அதன் தண்டு முழுவதும் பழுப்பும் பச்சையுமான கூழ். முகர்ந்தால் புளித்த மாட்டுத்தீவன வாடை. நுரையீரலில் பட்டிருந்தால் குமிழி குமிழியாக இளஞ்சிவப்பு நுரை இருக்கும், ஈரலில் பட்டிருந்தால் கருஞ்சிவப்பு ரத்தம் இருக்கும். நுரையீரல் என்றால் அரை மணி நேரம், ஈரல் என்றால் நாலிலிருந்து ஆறு மணி நேரம், இரைப்பையோ குடலோ என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகே தேடிப் போக வேண்டும் என்பது இங்கே எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. காரணம் எளிது. வயிற்றில் அடிபட்ட மான் துரத்தப்படாவிட்டால் இருநூறு கெஜத்துக்குள் எங்காவது படுத்துவிடும். அவசரப்பட்டுப் பின்னால் போனால் எழுந்து மைல் கணக்கில் நடக்கும், அந்தக் காயத்திலிருந்து தடம் காட்டும் அளவுக்கு ரத்தமும் சிந்தாது. அதனால் காத்திருப்பதே கருணை. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மான் கண்ணுக்குத் தெரிந்த அரை நிமிடத்தில் விரைவு கருணையாக இருந்தது. அது புதருக்குள் போன அடுத்த கணத்திலிருந்து பொறுமை கருணையாகிவிட்டது. நான் இரண்டு கட்டத்திலும் பொறுமையாக இருந்தேன்.

அன்றிரவு முதியவரின் சமையலறையில் காப்பி குடித்தபடி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். வெளியே உறைபனி இறங்கிக்கொண்டிருந்தது. இறைச்சி கெடாது என்று அவர் ஆறுதல் சொன்னார். இரண்டு மணிக்கு விழித்து, இப்போது இறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். நாலு மணிக்கு விழித்து, இப்போது நிச்சயமாக இறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

விடிந்ததும் முதல் வேலையாக வேலிக்கு அப்பால் இருக்கும் நிலக்காரர் வீட்டுக்குப் போனேன். ஒஹாயோவில் பிறர் நிலத்தில் வேட்டையாட எழுத்துமூல அனுமதி வேண்டும்; மான் வேலி தாண்டியிருந்தால் அந்தத் தாள் இல்லாமல் காலெடுத்து வைக்க முடியாது. நம் கோவை நூல்களில் ‘கலைமான் வினாதல்’ என்று ஒரு துறை உண்டு. அம்பு பட்ட கலைமான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் தினைப்புனத்தில் நிற்கும் பெண்களிடம் கேட்பான். பேச்சுக் கொடுக்க அது ஒரு சாக்கு. மானும் இல்லை, அம்பும் இல்லை என்பது தோழிக்குத் தெரியும், அவள் கேலி செய்வாள். அதே கேள்வியை, அரைக்கால் சட்டையில் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், மெய்யாகவே ஒரு மானை மனத்தில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன். அவர் கேலி செய்யவில்லை. தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்து, பாவம் என்றார். யாரைச் சொன்னார் என்று விளங்கவில்லை.

வள்ளிக்கொடி போல நீண்ட வார், ஒரு சின்ன நாய்

தடம் பிடிக்கும் நாயோடு வந்தவர் அறுபது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இலையுதிர் காலத்தின் வார இறுதிகளில் அடிபட்ட மான்களைத் தேடித் தருகிறார். ஒஹாயோவில் இதற்கு நாயைப் பயன்படுத்தலாம், ஆனால் வார் கையை விட்டுப் போகக் கூடாது. நாய், முரட்டு ரோமம் கொண்ட டாக்ஸ்ஹண்ட். என் முழங்காலுக்குக்கூட எட்டாத அந்த உருவம், வயிறு சருகில் உராய, ஆரஞ்சு நிறக் கழுத்துப்பட்டையோடு, 30 அடி நீள வாரை இழுத்துக்கொண்டு புதருக்குள் புகுந்தது. அது ரத்தத்தை மட்டும் நம்பிப் போவதில்லை. மானின் குளம்புப் பிளவுக்கு நடுவே ஒரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அந்த வாடை தரையில் பதிகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போகிறது. நானும் முதியவரும் முந்தைய இரவு மனத்தில் போட்டு வைத்திருந்த பாதைகளில் ஒன்றில்கூட அது போகவில்லை.

ஏறத்தாழ இருநூறு கெஜம். ஓர் ஓடைக்கரையின் மேட்டில் அவர் சட்டென்று நின்று, வாரைக் கைக்குக் கை சுருட்டி, நாயைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாய் பேசவில்லை. இரண்டு விரல்களால் எதிர்ச்சரிவைக் காட்டினார்.

எனக்கு முதலில் தெரிந்தது ஒரு காது. சாம்பல் நிறப் புல்லுக்கு நடுவே அது பின்னால் திரும்பியது, முன்னால் திரும்பியது. பிறகு கொம்பின் வெண்மை, பிறகு கழுத்து. முதுகிலும் இமை மயிர்களிலும் பனித்துகள் உறைந்திருந்தது. மூக்கிலிருந்து சீரான இடைவெளியில் ஆவி வந்துகொண்டிருந்தது. பதினான்கு மணி நேரத்துக்கு மேல். மான் எங்களைப் பார்க்கவில்லை, தாழ்வான பக்கம் பார்த்துத் தலையை நிமிர்த்தி வைத்திருந்தது. அந்தத் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து, மோவாய் தரையைத் தொடப்போகும் நேரத்தில் திடுக்கிட்டு மறுபடி நிமிர்ந்தது. தூக்கம் வரும் குழந்தை வகுப்பில் செய்வது போல. அதை மூன்று முறை பார்த்தேன். அந்த மேட்டில் மண்டியிட்டபடி நான் எண்ணியது மானைப் பற்றி இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்றிரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நான் போர்வைக்குள் திரும்பிப் படுத்தபோதெல்லாம் இந்தத் தலை இப்படித் தாழ்ந்து தாழ்ந்து நிமிர்ந்திருக்கிறது என்பதுதான் ஓடியது.

அருகே போய்க் கத்தியால் முடிப்பது என்பது ஏட்டில்தான். கொம்புள்ள மான் எழுந்தால் மனிதனுக்கு ஆபத்து. எழுந்து ஓடினால் பன்னிரண்டு அடியில் வேலி. கழுத்தையோ தலையையோ குறிவைப்பதும் வீண், அவை அசைந்துகொண்டே இருப்பவை. நுரையீரல்தான் குறி. ஆனால் படுத்திருக்கும் மானின் முன்னங்கால் மடங்கி மார்பை மறைக்கும், நிற்கும் மானில் கண் பழகிய இடம் இப்போது அங்கே இருக்காது. கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு பத்து கெஜம் நகர்ந்தேன். 22 கெஜத்தில் இரண்டு முட்கிளைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவு இடைவெளி கிடைத்தது. என் இடது முழங்கால் பனியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. எய்தேன். மான் எழுந்தது, இரண்டடி வைத்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதில் எல்லாம் அடங்கிவிட்டது.

அம்பு நுனியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன், இமை அசையவில்லை. அனுமதிச் சீட்டில் தேதியும் நேரமும் எழுதிக் கொம்பில் கட்டினேன். ஓர் உரிம ஆண்டில் ஒருவருக்கு ஒரு கொம்புள்ள மான் என்பது ஒஹாயோவின் கணக்கு. என் கணக்கு அதோடு முடிந்தது. வயிற்றைக் கிழித்தபோது முதல் அம்பின் வழி தெளிவாகத் தெரிந்தது, ஈரலுக்கு மூன்று விரல்கடை பின்னால். அந்தப் பெண்மணி நாய்க்குக் கொஞ்சம் தண்ணீர் காட்டிவிட்டு, காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்கும் தொனியில் கேட்டார்: “நேற்று அது நின்றதாகச் சொன்னீர்களே, அப்போது எதற்காகக் காத்திருந்தீர்கள்?” பின்புறம் காட்டி நின்ற மானை எய்வதில்லை என்ற என் விதியைச் சொன்னேன். அவர் நாயின் காதிலிருந்து ஒட்டுமுள்ளைப் பிடுங்கிக்கொண்டே, “அந்த விதி அடிபடாத மானுக்கு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெட்ரோல் செலவுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அடுத்த அழைப்பு காத்திருந்தது.

எந்த விதி யாருக்கு

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கோணம் சரியில்லை, தொலைவு அதிகம், மான் விழிப்பாக இருக்கிறது என்று நான் எய்யாமல் விடும்போது, அந்த மான் முழு உடலோடு நடந்து போகிறது. ஐயத்தின் பலன் மானுக்குக் கிடைக்கிறது. விதிகள் அனைத்தும் இந்த ஓர் ஏற்பாட்டின் மேல் நிற்பவை. அம்பு ஒருமுறை பட்டுவிட்டால் அந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. இப்போது நான் எய்யாமல் விட்டால் மானுக்குக் கிடைப்பது பதினான்கு மணி நேரம். தொடையில் பட்டுவிடுமோ, இன்னும் கோரமாகுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஏற்கனவே சாகப்போகும் உயிருக்கு அந்தப் பிழையால் கூடும் துன்பம் சிறிது, குறி பலித்தால் மிச்சமாகும் துன்பமோ ஓர் இரவு முழுதும். இதை அறிய ஒரு நாய்க்காரப் பெண்மணி தேவைப்பட்டிருக்கக் கூடாது.

எல்லா விதியும் தளர்ந்துவிடுவதாகச் சொல்லவில்லை. ஓடும் மானை நோக்கி எய்வதை நான் இன்றும் ஏற்க மாட்டேன். அங்கே குறி என்று ஒன்றே கிடையாது, நம்பிக்கைதான் உண்டு. நடுவில் சுள்ளி இருந்தால் அம்பு திசைமாறும், முதல் அம்புக்கும் இரண்டாம் அம்புக்கும் அதில் வேறுபாடு இல்லை. மானுக்குப் பின்னால் வீடோ சாலையோ இருந்தால் பேச்சே இல்லை. தளர வேண்டியவை இரண்டு: கோணம், பழகிய எல்லைக்குள் தொலைவு. பக்கவாட்டு நிலை வேண்டும் என்பதும் 30 கெஜம் என்பதும் சிறந்த அம்பை உறுதிசெய்ய நான் எனக்கு விதித்துக்கொண்டவை. அடிபட்ட மானுக்குச் சிறந்த அம்பு என்ற ஒன்று இனிக் கிடையாது, அடுத்த அம்பு மட்டுமே உண்டு.

ஜெர்மனியில் வில்லால் மானை வேட்டையாடத் தடை இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963-ஆம் ஆண்டின் மான் சட்டம் அம்பைத் தடைசெய்தது. எங்கள் வட்டாரத்தில் இதைச் சொன்னால் ஐரோப்பியர்களுக்கு என்ன தெரியும் என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஜெர்மானிய வேட்டைச் சட்டத்தின் 22-அ பிரிவு, அடிபட்ட விலங்கைத் தவிர்க்கக்கூடிய வேதனையிலிருந்து காப்பதற்காக அதைத் தாமதமின்றிக் கொல்ல வேண்டும் என்கிறது. நாங்கள் வழிவழியாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் காத்திருக்கும் மணிக்கணக்கு இருக்கிறது, ரத்தத்தின் நிறம் இருக்கிறது, மயிரின் நீளம்கூட இருக்கிறது. ‘தாமதமின்றி’ என்ற சொல்லுக்கு அவ்வளவு அழுத்தம் இல்லை. மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை நடந்த வில்வேட்டையைக் கணக்கெடுத்தபோது, நவீன வில்லாலும் குறுக்குவில்லாலும் அடிபட்ட மான்களில் 18 சதவீதம் வேட்டையாடியவர் கைக்குக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஐந்தரை மானுக்கு ஒன்று. காயம் ஆறிப் பிழைத்தவையும் அவற்றில் இருக்கும். எனக்கு அந்த எண்ணைப் படிக்கும்போது முதுகைக் கூனி நிற்கும் ஒரு கலைதான் தெரிகிறது.

சரி, ஏன் தயங்கினேன்? அச்சம் ஒரு பங்கு. மீதியை வெட்கத்தோடு எழுதுகிறேன்: கர்வம். வில்வேட்டையாடுபவர்களிடம் ‘ஒரே அம்பு’ என்பது ஒரு பதக்கம். காணொளிகளில் முதல் அம்பு, ஓட்டம், விழுந்த மான், சிரித்த முகம் என்று காட்சிகள் ஒட்டப்படுகின்றன. நடுவில் வெட்டி எறியப்பட்டது என்ன என்று யாரும் கேட்பதில்லை. கொல்லிமலையின் வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த கதையைப் பள்ளியில் படித்துக் கைதட்டியவன் நான், எனக்கு இந்த மயக்கம் புதிதும் இல்லை. இரண்டாவது அம்பு பூட்டுவது முதல் அம்பு தவறு என்று ஊரறியச் சொல்வது. அதுவும் பின்புறத்தில் போய்ப் பட்டால், மறுநாள் முதியவரின் கொட்டகையில் மான் தொங்கும்போது எல்லாரும் பார்ப்பார்கள். நாணை இறக்கியபோது நான் இப்படி வாக்கியம் வாக்கியமாக எண்ணவில்லை. ஆனால் இந்த எண்ணம் அங்கே இருந்தது. வில்லோடு இணைத்த தூணியில் ஐந்து அம்புகளோடு மரமேறுகிறோம். மிச்சம் நாலு அம்பு எதற்கு என்று அதுவரை நான் என்னையே கேட்டதில்லை.

கொல்லைப்புறத்தில்

அதன் பிறகு என் பயிற்சி மாறியது. முன்பெல்லாம் ஓர் அம்பு எய்து, நிதானமாக மூச்சுவிட்டு, அது எங்கே தைத்தது என்று ரசித்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். இப்போது முதல் அம்பு நாணை விட்டதும் கை தானாகத் தூணிக்குப் போக வேண்டும். கண் மானைவிட்டு அகலக் கூடாது. விரல் நுனியாலேயே அம்பின் வால் பிளவை நாணில் தடவிப் பொருத்த வேண்டும். முதல் நாள் இதற்கு 19 விநாடி ஆனது, ஓர் அம்பு பரண் பலகையில் இடறிக் கீழே விழுந்தது. இப்போது எட்டு விநாடி. ரப்பர் நுரையால் செய்த பொம்மை மான் ஒன்று கொல்லையில் நிற்கிறது. அதைப் பாதி நாட்கள் பின்புறம் என்னைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள்.

சென்ற பருவத்தின் அக்டோபரில் ஒரு பிணை வந்தது. 20 கெஜம், பக்கவாட்டு நிலை, எச்சரிக்கை அடையவில்லை. அம்பு நான் வைத்த இடத்திலேயே நுழைந்ததாகத் தோன்றியது. மான் முப்பதடி ஓடி நின்று திரும்பிப் பார்த்தது, என்ன ஒலி அது என்று கேட்பது போல. சரியாகப் பட்ட மானும் சில வேளை அப்படி நிற்பதுண்டு, நாலு எண்ணுவதற்குள் விழுந்துவிடும். நான் நாலு எண்ணவில்லை. இரண்டாவது அம்பு அதன் பின்தொடையின் மேற்பகுதி வழியாகச் சாய்வாகப் போனது. கிழித்துப் பார்த்தால் முதல் அம்பு இரண்டு நுரையீரலையும் நட்டநடுவில் துளைத்திருந்தது. அலுவலக நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு, செத்த மானை எதற்கு மறுபடி கொன்றீர்கள், ஓர் அம்பும் இரண்டு கிலோ நல்ல கறியும் வீண் என்று எழுதினார். கணக்கு சரிதான், வீண்தான்.

அன்றிரவு சமையலறை மேடையில் அந்தத் தொடையை வைத்து, அம்பு போன வழியில் கறுத்திருந்த சதையைச் சிறு கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இவ்வளவையும் எறியப்போகிறீர்களா என்று கேட்டாள். கழுவி, இரண்டு உறைகளில் கட்டி, உறைபெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். ஒன்றின் மேல் அந்த டாக்ஸ்ஹண்டின் பெயரை எழுதியிருக்கிறேன்.